கோலாலம்பூரில் குழந்தைப் பராமரிப்புச் செலவுக்கு உதவி பெறுவது எப்படி: எதை முதலில் செய்ய வேண்டும்

படிவம் நிரப்ப உதவி கேட்டு வரும் பெற்றோரில் பெரும்பாலோர் ஒரே வரிசையில்தான் காரியம் செய்திருப்பார்கள். முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைப் பிடித்துக் குழந்தையை விட்டுவிடுவார்கள். அடுத்து முன்பணம் கட்டுவார்கள். கைக்காசு கரைந்த பிறகுதான் "அரசாங்கம் ஏதாவது கொடுக்கிறதா?" என்று கேட்பார்கள். இந்த வரிசை தலைகீழானது. மலேசியாவில் குழந்தைப் பராமரிப்புக்கான உதவியில் பெரும்பகுதி, குழந்தையை விட்டிருக்கும் இடம் பதிவு பெற்றதா என்பதைப் பொறுத்தே கிடைக்கிறது. உங்கள் கஷ்டம் எவ்வளவு பெரிதென்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. அதனால் இந்த வழிகாட்டி பணத்திலிருந்து தொடங்கவில்லை.

1. குழந்தையின் வயதுக்கு எந்த வகை இடம் என்று முடிவு செய்யுங்கள்

நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் தஸ்கா. 1984ஆம் ஆண்டின் 308ஆவது சட்டத்தின் கீழ், சமூகநலத் துறையான ஜேகேஎம்மில் அது பதிந்திருக்க வேண்டும். நான்கு முதல் ஆறு வயது வரையிலான பாலர்பள்ளி, அதாவது தாடிகா, கல்வி அமைச்சின் கீழ் வருகிறது. நான்கு வயது கடந்த பிள்ளையைப் பள்ளி நேரத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளும் பராமரிப்பு இல்லங்களுக்கு வேறொரு சட்டம் உண்டு. அது 1993ஆம் ஆண்டின் 506ஆவது சட்டம். அதுவும் ஜேகேஎம்மின் பொறுப்பு.

இந்தப் பிரிவு எதற்காகத் தெரிந்திருக்க வேண்டும்? ஒரே கட்டடத்தில், ஒரே பெயர்ப்பலகையின் கீழ் மூன்றையும் நடத்துகிறவர்கள் கோலாலம்பூரில் ஏராளம். தாடிகாவுக்கு மட்டும் பதிவு இருக்கும். இரண்டு வயதுக் குழந்தையையும் அங்கேயே வாங்கிக்கொள்வார்கள். சுவரில் ஒரு சான்றிதழ் தொங்குவதைப் பார்த்து நீங்கள் நிம்மதியாகிவிடுவீர்கள். அந்தச் சான்றிதழ் உங்கள் குழந்தைக்கு உரியது அல்ல.

நான்காவது வகை நமக்கு நன்கு பழகியது: அதே அடுக்குமாடியில் இருக்கும் ஓர் அக்காவிடமோ பாட்டியிடமோ விடுவது. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைக் கூலிக்குப் பார்த்தால்தான் சட்டம் அதைத் தஸ்கா என்கிறது. மூன்று குழந்தைகள் வரை பார்ப்பவர் பதிவு செய்யத் தேவையில்லை, ஆகவே அது சட்டமீறல் இல்லை. ஆனால் அவருக்குக் கொடுக்கும் பணத்துக்கு வரிக்கழிவு கிடையாது. கட்டண உதவித் திட்டங்களும் அந்த வீட்டு வாசலோடு நின்றுவிடும். நல்ல கையாக இருந்தால் விடலாம், நான் குறை சொல்லவில்லை. எதை இழக்கிறீர்கள் என்று கணக்குப் போட்டுவிட்டு விடுங்கள்.

2. ஆவணங்களைத் திரட்டுங்கள், திருமணப் பதிவிலிருந்து தொடங்குங்கள்

பலர் சம்பளச் சீட்டிலிருந்து தொடங்குவார்கள். அது கடைசியில் வரட்டும், ஏனென்றால் அது மாதாமாதம் மாறும். திருமணமும் பிறப்பும் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்பதே முதல் கேள்வி.

கோவிலில் தாலி கட்டி, ஊருக்கே விருந்து போட்டிருந்தாலும், 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டப்படி பதிவு செய்யாத திருமணம் அரசாங்கத்தின் கண்ணில் திருமணமே இல்லை. திருமணங்களைப் பதியும் அதிகாரம் பெற்ற கோவில்கள் உண்டு. எல்லாக் கோவில்களுக்கும் அது கிடையாது. பதிவு இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் விவரம் சிக்கலாகும். தாய் வெளிநாட்டவராக இருந்தால் குழந்தையின் குடியுரிமையே கேள்விக்குள்ளாகும். உதவித்தொகைகள் மலேசியக் குடிமக்களுக்கு உரியவை. இங்கே சிக்கினால் மேற்கொண்டு ஒரு படியும் நகராது. பதியாமல் விட்டவர்கள் தேசியப் பதிவுத் துறைக்குப் போய், இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டுத் தொடங்குங்கள். காலம் எடுக்கும் வேலை இது ஒன்றுதான். மற்ற படிகளை அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள்.

பிறப்பைத் தீபகற்ப மலேசியாவில் 60 நாட்களுக்குள் பதிய வேண்டும். அதைத் தாண்டினால் தாமதப் பதிவு. கூடுதல் ஆவணங்களும் விசாரணையும் வரும். பிரசவக் களைப்பில் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். இந்த வேலையைத் தாத்தாவிடமோ மாமாவிடமோ விடாமல், தந்தையே நேரில் போவது நல்லது.

பிறகு இவற்றின் நகல்களை ஒரே கோப்பில் வையுங்கள்: பெற்றோர் இருவரின் அடையாள அட்டை, குழந்தையின் அடையாள அட்டையான மைகிட், பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், தண்ணீர் அல்லது மின்சாரக் கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எண் தெரியும் பக்கம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. பிரிந்து வாழும் தாய்மார்கள் மணவிலக்கு ஆணையையோ, கணவர் விட்டுப் போயிருந்தால் அதைப் பற்றிச் செய்த போலீஸ் புகாரின் நகலையோ சேர்க்க வேண்டும். கணவர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழ். "அவர் வீட்டுக்கு வருவதே இல்லை" என்று வாயால் சொல்வது கோப்பில் ஏறாது.

சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் இருக்கிறார்கள்: பூக்கடை, பலகாரக் கடை, வீட்டிலேயே தையல், லாரி உதவியாளர், மின்னழைப்பு வாகன ஓட்டுநர். வருமானத்தை உறுதிப்படுத்தும் கடிதத்தை முதலாளியிடம் வாங்குங்கள். முதலாளி என்று ஒருவர் இல்லையென்றால், சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கையெழுத்திட்ட உறுதிமொழியைத் தயாரித்துக்கொண்டு, அதே தொகை வங்கிக் கணக்கிலும் ஓரளவு தெரிகிறதா என்று பாருங்கள். உறுதிமொழியில் 1,200 ரிங்கிட் என்று எழுதிவிட்டு, கணக்கில் மாதம் 3,000 ரிங்கிட் வந்து போனால் அதிகாரி கேட்பார். அது மச்சினன் அனுப்பிய பணமாக இருக்கலாம். இருந்தால் அதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

முகவரியைப் பற்றி ஒரு வார்த்தை. அடையாள அட்டையில் தைப்பிங்கோ சித்தியவானோ இருக்கும், குடியிருப்பது செந்தூலில். எந்த அலுவலகத்துக்கு உங்கள் கோப்பு போகும் என்பதை இப்போது குடியிருக்கும் இடம் தீர்மானிக்கிறது. முகவரியை மாற்றிவிடுங்கள். அந்த வேலை முடியும்வரை குடியிருப்பைக் காட்டும் ரசீதை எடுத்துப் போங்கள்.

3. முன்பணம் கட்டுவதற்கு முன் பதிவைச் சரிபாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால், இதைப் படியுங்கள்.

தஸ்காவுக்குப் போனதும் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் வாசலுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருப்பார்கள். நான்கு விஷயங்களைப் பாருங்கள்: யார் வழங்கியது, எந்த முகவரிக்கு, எத்தனை குழந்தைகளுக்கு, எந்தத் தேதி வரை. கிளை திறந்தவர்கள் பழைய கிளையின் சான்றிதழை நகலெடுத்துப் புதிய இடத்தில் மாட்டியிருப்பது உண்டு. முகவரி ஒத்துப்போகவில்லை என்றால் அந்த இடம் பதிவு பெற்றதல்ல. சான்றிதழைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, அந்த வட்டாரத்துக்கான ஜேகேஎம் அலுவலகத்தில் பதிவு எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துகொண்டே இருக்கிறது" என்ற பதிலை நம்பிப் பணம் கட்டாதீர்கள். தஸ்காவின் பதிவுக்கு நகராண்மை, தீயணைப்புத் துறை, சுகாதாரத் துறை ஆகியவற்றின் ஒப்புதல்கள் வேண்டும். அதில் ஒன்று சிக்கினால் ஆண்டே ஓடிவிடும்.

வீட்டிலேயே நடத்தும் தஸ்காவில் பத்துக்கும் குறைவான குழந்தைகளே இருக்கலாம். பத்தும் அதற்கு மேலும் என்றால் அது மையமாக நடத்தப்படும் தஸ்கா, நிபந்தனைகள் கூடுதல். இரண்டுக்கும் பதிவு உண்டு. ஆகவே "வீட்டில்தான் நடத்துகிறேன், பதிவு தேவையில்லை" என்று ஏழெட்டுக் குழந்தைகளை வைத்திருப்பவர் சொன்னால் அது சரியான தகவல் இல்லை.

இப்போது தரம். இதற்குச் சட்டமே ஓர் அளவுகோலைக் கொடுத்திருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர். ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து பேருக்கு ஒருவர். மூன்று முதல் நான்கு வயது வரை பத்துப் பேருக்கு ஒருவர். காலை பத்து மணிக்குப் போனால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். மாலை ஐந்தரை மணிக்குப் போய் எண்ணுங்கள். பணியாளர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பும் நேரம் அது. பெற்றோர் நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கும் நேரமும் அதுதான். சமையல் செய்பவரையும் பராமரிப்பாளர் கணக்கில் சேர்த்துச் சொன்னால், அவரைக் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

பராமரிப்பாளர்கள் கேஏபி எனப்படும் அடிப்படைப் பயிற்சியை முடித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்கும் விதம் முக்கியம். "டீச்சர், இங்கே யார் யார் கேஏபி முடித்திருக்கிறார்கள்? என் குழந்தையை யார் பார்ப்பார்கள்?" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டால், பயிற்சி பெற்ற ஒருவரைக் காட்டிவிட்டுக் குழந்தையை வேறொருவரிடம் கொடுக்கும் வேலை நடக்காது. பின்கதவு பூட்டிக் கிடக்கிறதா, குழந்தைகள் தூங்கும் அறையில் ஒருவர் விழித்திருக்கிறாரா, பால் புட்டிகளில் பெயர் எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சுவரில் வரைந்திருக்கும் யானைப் படத்தைவிட இவை முக்கியம்.

கடைசியாக, ரசீது. ஒரு மாதிரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். அதில் மையத்தின் பெயர், பதிவு எண், குழந்தையின் பெயர், எந்த மாதத்துக்கான கட்டணம் என்பவை இருக்க வேண்டும். பராமரிப்புக் கட்டணம், உணவு, பாலர்பள்ளிக் கட்டணம், போக்குவரத்து ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதித் தரக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் "கிடைத்தது, நன்றி" என்று வரும் செய்தி ரசீது ஆகாது.

பதிவு இல்லாத இடத்தில் குழந்தைகள் ஆபத்தான நிலையில் இருப்பதைக் கண்டால் 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள்.

4. தனியார் இடத்துக்கு முன் அரசாங்க இடங்களைக் கேளுங்கள்

கட்டணத்துக்கு உதவி தேடுவதைவிட, கட்டணமே குறைவான இடத்தில் சேர்ப்பது எளிது. இதைத் தனியார் தஸ்காவைப் பேசி முடிப்பதற்கு முன் செய்ய வேண்டும், ஏனென்றால் இடங்கள் முந்தைய ஆண்டிலேயே நிரம்பத் தொடங்கும்.

கெமாஸ், அதாவது சமூக மேம்பாட்டுத் துறை, சிறு குழந்தைகளுக்குத் தஸ்காவும், சற்றுப் பெரிய பிள்ளைகளுக்குத் தபிகா என்ற பாலர்பள்ளியும் நடத்துகிறது. பெயரைக் கேட்டுக் கிராமத்துக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம், நகரத்திலும் இருக்கின்றன. ஒற்றுமைத் துறையின் தபிகா பெர்பாடுவான், ருக்குன் தெத்தாங்கா என்ற அண்டை வீட்டார் அமைப்பு இயங்கும் குடியிருப்புப் பகுதிகளில், பல இனப் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பதற்காக நடத்தப்படுவது. இரண்டிலும் பயிற்றுமொழி மலாய். வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைக்கு முதல் சில வாரங்கள் அழுகையாகத்தான் இருக்கும்; பிறகு பழகிவிடும்.

தமிழ்வழி வேண்டும் என்பவர்களுக்கு, தமிழ்ப்பள்ளிகளோடு இணைந்திருக்கும் கல்வி அமைச்சின் பாலர்பள்ளி வகுப்பு இருக்கிறது. ஒரு வகுப்பில் 25 பிள்ளைகள்தான். ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் இருப்பார்கள். செலவு மிகக் குறைவு, தரமும் நன்றாக இருக்கும், ஆகவே போட்டியும் அதிகம். எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் இந்த வகுப்பு இல்லை. வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளி அலுவலகத்தில், இந்த வகுப்பு உண்டா, அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பம் எப்போது திறக்கிறது என்ற இரண்டையும் முந்தைய ஆண்டின் நடுப்பகுதியிலேயே கேட்டுவிடுங்கள். பள்ளியில் இருக்கும் தனியார் பாலர்பள்ளியையும் அமைச்சின் பாலர்பள்ளியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கமோ தனி அமைப்போ பள்ளி வளாகத்திலேயே நடத்தும் வகுப்புகளுக்குக் கட்டணம் உண்டு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அரசாங்கப் பாலர்பள்ளி அரைநாள்தான். நண்பகலோடு முடிந்துவிடும். இருவரும் ஆறு மணிவரை வேலை பார்க்கும் குடும்பத்தில் பிற்பகலுக்கு ஆள் வேண்டும், அழைத்துவர வேன் வேண்டும். இலவசம் என்று சேர்த்துவிட்டு, வேனுக்கும் பிற்பகல் பராமரிப்புக்கும் கொடுப்பதைக் கூட்டினால் முழுநாள் மையத்தின் கட்டணத்தைத் தொட்டுவிடும். தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் இது அருமையான வழி. இல்லையென்றால் முழுக் கணக்கையும் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

5. மிகக் குறைந்த வருமானம் என்றால் முதலில் ஜேகேஎம்

ஜேகேஎம் தரும் குழந்தைகள் உதவித்தொகையான பந்துவான் கானாக்-கானாக், ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைக்கு மாதம் 250 ரிங்கிட்; 7 முதல் 18 வயதுவரை 200 ரிங்கிட்; ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 1,000 ரிங்கிட். 2025ஆம் ஆண்டிலிருந்து இந்த அளவு. மூன்று வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 450 ரிங்கிட் என்று கணக்கு வரும்.

நான் முன்னே சொன்ன பதிவு விதிக்கு இது விலக்கு. இது குழந்தையின் பெயரில் குடும்பத்துக்கு வரும் ரொக்கம். தஸ்காவின் ரசீது கேட்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் குழந்தையை விட்டு வேலைக்குப் போகும் தனித்தாய் இந்தப் பணத்தை அவரிடமே கொடுக்கலாம்.

தகுதி வறுமைக்கோட்டு வருமானத்தைச் சார்ந்தது. குடும்பத் தலைவர் இறந்துவிட்டார், நோயில் கிடக்கிறார், சிறையில் இருக்கிறார், குடும்பத்தை விட்டுப் போய்விட்டார் என்பன போன்ற நிலைமைகளுக்காகவே இது வைக்கப்பட்டிருக்கிறது. பேரக்குழந்தைகளை வளர்க்கும் தாத்தா பாட்டியும் பாதுகாவலராக விண்ணப்பிக்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. இருவரும் சம்பாதித்து, மாதக் கடைசியில் மட்டும் திணறும் குடும்பத்துக்கு இது பெரும்பாலும் கிடைக்காது. அப்படிப்பட்டவர்கள் நேராக அடுத்த பகுதிக்குப் போகலாம்.

செய்யும் முறை: ஜேகேஎம் 18 என்ற படிவம், அல்லது இணையத்தில் இ-பந்துவான் ஜேகேஎம். இணையம் பழகியவர்களுக்கு அது வேகமானது. ஆவணம் குறையுள்ளவர்கள், குறிப்பாகப் பிரிந்து வாழும் தாய்மார்கள், நேரில் போவதே மேல். எது குறைகிறது என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். கோலாலம்பூரில் வட்டாரத்துக்கு ஓர் அலுவலகம் என்று பிரித்திருக்கிறார்கள். உங்கள் முகவரிக்கு எது என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், விடுப்பு எடுத்துப் போகும் நாள் வீணாகாது.

விண்ணப்பித்த பின் அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார். இதற்குப் பயந்து தொலைக்காட்சிப் பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையே இல்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் சம்பாதிக்கிறார்கள், படிவத்தில் எழுதியது உண்மையா என்பதைத்தான் பார்க்கிறார்கள். வீட்டில் தங்கியிருக்கும் தம்பியின் சம்பளத்தை மறைப்பதுதான் உண்மையான ஆபத்து. தொலைபேசி எண் மாறினால் உடனே தெரிவியுங்கள்; அழைத்தும் கிடைக்கவில்லை என்ற காரணத்தால் தேங்கிக் கிடக்கும் கோப்புகள் பல.

அதே சமயம் இ-காசே என்ற வறியோர் தரவுத்தளத்திலும் குடும்பத்தைப் பதியுங்கள். வேறு பல உதவிகளுக்கு அந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள். மாதக் குடும்ப வருமானம் 5,000 ரிங்கிட் வரை உள்ளவர்களுக்கு அரசாங்கம் தரும் ரொக்க உதவியான சும்பாங்கான் துனாய் ரஹ்மாவில் ஏற்கெனவே இருப்பவர்கள், புதிதாகப் பிறந்த குழந்தையைச் சேர்த்துப் புதுப்பித்தீர்களா என்று பாருங்கள். தொகை பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து மாறுகிறது; தன் குழந்தைக்கு இரண்டு வயதாகியும் பழைய விவரத்திலேயே பணம் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

6. வேலை செய்யும் இடத்தில் கேளுங்கள்

அரசாங்க ஊழியர்களுக்குப் பதிவு பெற்ற தஸ்காவில் விட்டிருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் 180 ரிங்கிட் வரை கட்டண உதவி இருக்கிறது. குடும்ப வருமானத்துக்கு வரம்பு உண்டு. தற்போதைய வரம்பை உங்கள் துறையின் நிர்வாகப் பிரிவு சொல்லும். கணவன் அரசாங்கத்திலும் மனைவி தனியாரிலும் என்றால், அரசாங்கத்தில் இருப்பவர் கேட்க வேண்டும். குழந்தை விஷயம் மனைவியின் வேலை என்று கணவர்மார் விட்டுவிடுவதால், அவர்களுடைய அலுவலகத்தில் யாரும் கேட்பதே இல்லை. மாதம் 180 ரிங்கிட் இப்படிப் போகிறது.

தனியார் துறையில் கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் கேட்பதற்கு உங்களிடம் ஒரு நியாயம் இருக்கிறது. முதலாளி தரும் குழந்தைப் பராமரிப்புப் படியில் ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை உங்களுக்கு வருமான வரி இல்லை. 2024 மதிப்பீட்டாண்டுக்கு முன் இது 2,400 ரிங்கிட்டாக இருந்தது. பிள்ளைக்கு 12 வயது வரை இது செல்லும். நிறுவனத்துக்கோ அந்தச் செலவில் இரட்டை வரிக்கழிவு. மனிதவளப் பிரிவுக்கு எழுதும்போது உங்கள் கஷ்டத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு, இந்த இரட்டைக் கழிவைப் பற்றி எழுதுங்கள். மாதம் 250 ரிங்கிட் என்று தொகையைச் சொல்லிக் கேட்டால் ஆண்டுக்கு மிகச் சரியாக 3,000 ஆகிறது; கணக்காளருக்கும் புரியும். சம்பள உயர்வு பேசும் காலத்தில் கேட்பது நல்லது. நடு ஆண்டில் கேட்டால் பட்ஜெட் இல்லை என்ற பதில் தயாராக இருக்கும்.

சின்னக் கடையில், பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் நடக்காது. அங்கே பணத்தைவிட நேரம் கேளுங்கள்: பிள்ளையை எடுக்க அரை மணி நேரம் முன்னால் கிளம்பி, காலையில் ஈடுகட்டுவது. தஸ்காவில் தாமதக் கட்டணம் மிச்சமாகும்.

7. வரிக்கழிவு: யார் பெயரில் என்பதில்தான் காசு

பதிவு பெற்ற தஸ்காவுக்கோ தாடிகாவுக்கோ கட்டிய கட்டணத்தில், 2025 மதிப்பீட்டாண்டுக்கான படிவத்தில், ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைக்கு 3,000 ரிங்கிட் வரை கழிக்கலாம். பிள்ளைகள் மூவர் ஆனாலும் மொத்தம் 3,000தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள 2,000 ரிங்கிட் வழக்கமான கழிவு இதோடு சேராத தனிக் கணக்கு.

3,000 ரிங்கிட் கையில் வரும் என்று நினைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். வரி போடப்படும் வருமானத்திலிருந்துதான் அது கழிகிறது. அந்த வருமானம் 35,001 முதல் 50,000 ரிங்கிட் படியில் இருந்தால் விகிதம் 6 விழுக்காடு. மிச்சம் 180 ரிங்கிட். 50,001 முதல் 70,000 வரை 11 விழுக்காடு; மிச்சம் 330. அடுத்த படியில் 19 விழுக்காடு, 570. ஆகவே கணவன் மனைவி தனித்தனியாக வரி கட்டினால், உயர்ந்த படியில் இருப்பவர் கோர வேண்டும். ஒரே செலவை இருவரும் கோரக் கூடாது. ரசீது யார் பெயரில் வருகிறது என்பதை ஜனவரியிலேயே தஸ்காவிடம் சொல்லிவிடுங்கள். டிசம்பரில் பன்னிரண்டு ரசீதையும் மாற்றித் தரச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

இருவருக்குமே வரி கட்டும் அளவு வருமானம் இல்லையென்றால் இந்தக் கழிவால் ஒரு சென்னும் பயனில்லை. அதனால்தான் இதை ஏழாவதாக வைத்தேன், பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது இதைத்தான் என்றாலும்.

பாலூட்டும் தாய்க்கு, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால், பால் எடுக்கும் கருவி போன்றவற்றுக்கு 1,000 ரிங்கிட் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கழிவு உண்டு. இதைத் தாய் மட்டுமே கோரலாம்.

சம்பளக்காரர்களுக்கான வருமான வரிப் படிவமான பிஇ படிவத்தை இணையத்தில் அனுப்பக் கடைசி நாள் மே 15. ரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வெப்பக் காகிதத்தில் அச்சான ரசீது ஓராண்டில் வெளுத்துவிடும். அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். தஸ்காவின் பதிவுச் சான்றிதழ் படத்தையும் அதே இடத்தில் வையுங்கள். மையம் மூடிவிட்டால் பிறகு அதைக் கேட்டு வாங்க ஆள் இருக்க மாட்டார்.

8. சிலருக்கு மட்டும் உரியவை

இந்திய சமுதாய உருமாற்றப் பிரிவான மித்ரா, இந்திய சமுதாயத்தின் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பாலர்பள்ளிக் கட்டண உதவி வழங்கியிருக்கிறது. இது எப்போதும் திறந்திருக்கும் கதவு அல்ல. விண்ணப்பக் காலம் அறிவித்து, முடிந்ததும் மூடிவிடுவார்கள். உங்கள் பாலர்பள்ளியின் நிர்வாகியிடம், "சார், மித்ரா விண்ணப்பம் திறந்தால் எங்களையும் சேருங்கள்" என்று முன்பே சொல்லி, இரண்டாம் பகுதியில் தயாரித்த கோப்பின் நகலைக் கொடுத்து வையுங்கள். திறந்த பிறகு ஆவணம் தேடினால் நாள் போதாது.

சிறப்புத் தேவையுள்ள குழந்தை என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டைதான் முதல் வேலை. அரசு மருத்துவமனை அல்லது கிளினிக் மருத்துவரின் உறுதிப்பாட்டோடு ஜேகேஎம்மில் பதிய வேண்டும். அதன் பிறகு சமூக மறுவாழ்வு மையமான பிடிகேயில் சேர்க்கலாம். அங்கே பயிற்சி பெறுபவர்களுக்கு மாதம் 150 ரிங்கிட் படி உண்டு. படுத்த படுக்கையாக இருக்கும் ஓகேயு குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 500 ரிங்கிட் உதவி தனியாக இருக்கிறது. "பேச்சு தாமதம்தானே, வந்துவிடும்" என்று உறவினர்கள் சொல்லக் கேட்டுப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். பேச்சு வந்துவிட்டால் நல்லதுதான், அட்டையால் எந்த நஷ்டமும் இல்லை.

கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம். இங்கே மாநில அரசும் இல்லை, சட்டமன்ற உறுப்பினரும் இல்லை. பினாங்கிலோ சிலாங்கூரிலோ உள்ள உறவினர் மாநில உதவி வாங்கியதாகச் சொன்னால், அது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். சிலாங்கூரின் மாமாகெர்ஜா போன்ற திட்டங்கள் அந்த மாநிலத்தவருக்கானவை. பண்டான் இண்டாவிலும் பத்து கேவ்சிலும் குடியிருந்துகொண்டு, நகரத்தில் வேலை பார்ப்பதால் தங்களைக் கோலாலம்பூர்வாசி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இரண்டும் சிலாங்கூர். அவர்கள் தங்கள் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கேட்க வேண்டும். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையம்தான்.

9. நிராகரித்தால், மாறினால்

நிராகரிப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வருமானம் வரம்பைத் தாண்டியது என்றால் யாரைப் பிடித்தாலும் மாறாது; நிலைமை மாறும்போது மீண்டும் விண்ணப்பிக்கலாம். ஆவணம் குறைவு என்றால் அதை மட்டும் சேர்த்து உடனே கொடுங்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல், ஒரு முறை இல்லை என்று சொன்னதோடு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

"நான் வாங்கித் தருகிறேன், ஐம்பது ரிங்கிட் கொடுங்கள்" என்று வருபவர்களுக்குக் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன எந்தப் படிவத்துக்கும் கட்டணம் இல்லை. வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லோ ஓடிபி எண்ணோ கேட்டால் அது மோசடி.

தஸ்காவை மாற்றினால், வேலை மாறினால், வீடு மாறினால், உதவி தரும் ஒவ்வோர் இடத்திலும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் தொடர்ந்து வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். புதிய தஸ்காவுக்குப் போகும்போது மூன்றாம் பகுதியை மீண்டும் முழுமையாகச் செய்யுங்கள், பழைய இடத்தின் டீச்சரே அங்கே வேலைக்குப் போயிருந்தாலும்.